முள் கடிவாளம்

என் வீட்டு வாசல் நிலையில் ஒரு கடிவாளம் தொங்குகிறது. வாய்க்குள் போகும் இரும்பில் வரிசையாகச் சிறு முட்கள். திருஷ்டிக்குக் கட்டியது என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நானும் மறுப்பதில்லை. இது முதலாளியின் கடிவாளம். கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரை விட்டுக்கொண்டிருந்த அவரிடம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தேன். புல் அறுப்பது, லாயம் கூட்டுவது, குளம்பில் சிக்கிய கல்லை நோண்டி எடுப்பது, உடம்பு தேய்த்துவிடுவது எல்லாம் என் பொறுப்பு.

அங்கே செவலை நிறத்தில் ஒரு பெண்குதிரை. என்னைக் கண்டால் தோளில் தாடையை வைத்துக்கொள்ளும். முதலாளி அதற்கு மட்டும் முள் கடிவாளம் போட்டார். சாயங்காலம் கழற்றும்போது இரும்பில் ரத்தமும் நுரையும் ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டு, கொள்ளு குழைய வேகவைத்து ஆறவைத்து ஊட்டுவேன். அதையும் மெல்ல முடியாமல் பாதியைத் துப்பும். “நாக்கு அறுந்து கெடக்குங்க மொதலாளி” என்றேன் ஒருநாள். “ஏ சிலோன்காரி, ஒஞ் சோலியப் பாரு. வலிச்சாத்தான் குதிர நிக்கும்” என்றார். வலிக்காமலும் நிற்கும் என்று காட்ட எனக்கு வெறி வந்தது. அவர் வெள்ளனே எழுந்து வருகிற ஆளில்லை. விடியற்காலைப் பனியில் கழுத்தில் வெறும் கயிற்றைப் போட்டுப் பழக்கினேன். “நில்லு தாயி” என்றதும் நின்றால் ஒரு துண்டு கேரட். சீசன் தொடங்குவதற்குள், ஓடுகிற வேகத்திலும் என் குரலுக்கு நின்றது.

அந்த மே மாதம் ஏரிக்கரையில் கூட்டம் நெரிந்தது. முதலாளி தொப்பி மாட்டிக்கொண்டு செவலை மேல் ஏறி, எல்லோரும் பார்க்க விரட்டினார். அதன் வாயோரம் சிவப்பு நுரை. தண்ணீரோரச் சகதிப் பக்கம் வந்தபோது “நில்லு தாயி” என்று கத்தினேன். செவலை நின்றது. முதலாளி நிற்கவில்லை. சகதியிலிருந்து எழுந்தவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்; அதிகம் சிரித்தது நான்தான். அந்தச் சிரிப்புக்குத் தண்டம் கட்டியது செவலை. மறுநாளே பழனி அடிவாரத்தில் வண்டி இழுக்க அதை விற்றுவிட்டார். நான் போனபோது லாயத்தில் வெறும் முளைக்குச்சி இருந்தது. கடிவாளத்தை என் காலடியில் எறிந்து, “இதக் கட்டிக்கிட்டு அழு” என்றார். நான் அழவில்லை. பழனிக்குப் பலமுறை போய் வண்டி வண்டியாகத் தேடினேன். செவலை கிடைக்கவே இல்லை.

இப்போது எனக்குச் சொந்தமாகச் சில குதிரைகள் உண்டு. எதன் வாயிலும் முள் கிடையாது. போன மாதம் முதலாளி கம்பு ஊன்றி, ஓர் இளங்குதிரையைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். “பேரன் வாங்கினதும்மா. வாயத் தொடவே விடமாட்டேங்குது. நீதான் பழக்கித் தரணும்” என்றார். அன்றைய சிலோன்காரி இன்றைக்கு அம்மா. நான் ஆணியிலிருந்து கடிவாளத்தை எடுத்து நீட்டினேன். “பழக்குறேங்க. மொதல்ல இத ஒங்க வாயில வச்சுப் பாருங்க.” சிரித்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் வாங்கி வாய்க்குள் வைத்தார். அவர் கண்ணில் நீர் முட்டியது. “வலிக்குதுங்களா?” தலையாட்டினார். “குதிர இங்கன கெடக்கட்டும். நீங்க போங்க.”

கிழவர் பாவம் என்றாள் என் மகள். செவலையை அன்றைக்கு யார் பாவம் என்றார்கள்? அவர் எச்சிலைக்கூடத் துடைக்காமல் கடிவாளத்தை அதே ஆணியில் மாட்டினேன்.