வலப்பக்கம் சாய வேண்டிய எழுத்துகள்

அறுபதுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் சுவரொட்டிக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்தேன். கையகல எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் தாங்காது என்பதால் மரக்கட்டையில்தான் வெட்டுவோம். நான் கட்டையில் வரைந்து கொடுப்பேன். மாகறலிலிருந்து வந்த என் நண்பன் வெட்டுவான். தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் மர நாடாவைச் செதுக்கிப் பழகிய கை. அவனுடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்தார்கள். அச்சக வேலை நிரந்தரமானால் அவர்களைச் சேற்றிலிருந்து கரையேற்றிவிடலாம் என்று தினமும் சொல்வான்.

ஒரு பட்டுக் கடைக்காரர் தீபாவளிக்குச் சுவரொட்டி கேட்டார். ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் படிக்க வேண்டுமாம். நெளிவு, வால் ஒன்றும் இல்லாமல், ஒரே தடிமனாக, வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிற மாதிரி ஓர் எழுத்து வரிசை யோசித்தேன். தமிழ் எழுத்தைச் சாய்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எல்லாம் வளைவு. ப, ட மாதிரி நேர்க்கால் உள்ளவற்றில்தான் சாய்வு கண்ணுக்குத் தெரியும். தடிமனைக் கூட்டினாலோ ண, ழ சுழிகளில் மை அடைத்துக்கொள்ளும். பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எனக்குத் தலைக்கனம் ஏறியதும் அந்தப் பத்து நாளில்தான்.

கட்டையில் எழுத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். அப்போதுதான் தாளில் நேராக விழும். எழுத்தை மாற்றினேன். சாய்வை மாற்ற மறந்தேன். கட்டையை வாங்கிப் பார்த்த நண்பன், "இது இப்பிடியே சாஞ்சா தாள்ல பின்பக்கமா சாயாதாபா?" என்று கேட்டான்.

"வரஞ்சத வெட்டு. எனக்கே பாடம் எடுக்காத," என்றேன்.

வெட்டினான். அத்தனை சுத்தமான வெட்டு. முதல் தாளை எடுத்தபோது கடைப் பெயர் மொத்தமும் இடப்பக்கம் மல்லாந்து கிடந்தது. "கடையே சாயற மாதிரி இருக்குது. பண்டிகை நாள்ல என்னா அபசகுனம்பா இது," என்று மாதிரி பார்க்க வந்து உட்கார்ந்திருந்த கடைக்காரர் எழுந்து போய்விட்டார்.

முதலாளி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு அவனை மட்டும் பார்த்தார். "கட்டை பொளக்கறவன உள்ள வுட்டா இப்பிடித்தான். நாளைலேர்ந்து வராத," என்றார். சாய்வைத் தப்பாக வரைந்தவன் நான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் மை துடைக்கிற துணியை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

சாய்வைத் திருத்தி மறுபடி வரைந்தேன், வேறொருவர் வெட்டினார். கடைக்காரரும் சமாதானமானார். அதற்குப் பிறகு சினிமா, தள்ளுபடி விற்பனை, தேர்தல் எதுவானாலும் அந்த எழுத்தையே கேட்டார்கள். செவிலிமேடு வரைக்கும் சுவரெல்லாம் என் எழுத்து. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

மாகறல் போக ஏழெட்டு மாதம் பிடித்தது. நான் ஒரு கோழை, வேறென்ன சொல்ல. அவன் வயலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளி அவன் அம்மாவும் குனிந்திருந்தார்.

"தப்பு என்னுது. முதலாளிகிட்ட சொல்லிடறேன், நீ வந்துடு," என்றேன்.

சேற்றுக் கையோடு நிமிர்ந்தான். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் சொல்லியிருந்தா அவரு நம்பியிருக்க மாட்டாரு. அதான் வாயத் தொறக்கல," என்றான். "நீ சொல்லுவேன்னுதான் வாசப்படி வரைக்கும் மெதுவா நடந்தேன்பா."