நாய் தேடி ஏழாயிரம்பண்ணைக்கு

காலை ஆறரைக்கு விருதுநகரில் சாத்தூர் பஸ் ஏறினேன். என் மனைவி சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "நல்ல நாயோட வாங்க. இல்லேன்னா நான் மாட்டுத் தரகருக்குச் சொல்லிவிட்டுருவேன்." அவள் கோபம் நியாயமே. எங்கள் மாட்டுப் பண்ணைக்கு அடுத்த காட்டில் வெடிக் கம்பெனி வந்ததிலிருந்து, சாயங்காலம் அவர்கள் சாம்பிள் வெடி போடும் சத்தத்துக்கு இரண்டு நாய்கள் ஓடிப்போயின. காவலில்லாத தொழுவத்தில் நரி புகுந்து இளங்கன்று ஒன்றைக் கொன்றுவிட்டது. இன்னொன்று போனால் பண்ணையை மூட வேண்டியதுதான்.

எட்டு மணிக்குச் சாத்தூரில் இரண்டு இட்லி. ஏழாயிரம்பண்ணைக்கு ஐம்பது நயா பைசா டிக்கெட். பஸ் நிறைய வெடி வேலைக்குப் போகும் பெண்கள். நாய் பார்க்கப் போகிறேன் என்றதும் ஒருத்தி சிரித்தாள். "பொண்ணு பாக்கப் போற மாதிரியில்ல சட்டை போட்டிருக்கீக!"

பத்தரைக்கு, கரிசல் காட்டில் ஒரு மைல் நடந்து, நாய் வளர்க்கும் வேலம்மாளின் வீட்டை அடைந்தேன். இரண்டு நாய்களைக் காட்டினார். ஒன்று ராஜா மாதிரி வெள்ளைக் கடுவன். இன்னொன்று விலா எலும்பு தெரியும் செவலைப் பெட்டை.

"வெடிக்குப் பயப்படாத நாய் வேணும்மா."

"பதினோரு மணிக்கு எங்கூர்க் கம்பெனியிலயும் சாம்பிள் போடுவாக. அவுத்து விட்டே பாத்திருவோம்."

டமார்! நானே ஒரு அடி துள்ளினேன். செவலை வாலை இடுக்கிக்கொண்டு ஓடியது. வெள்ளை படுத்த இடத்தில் கண்கூடச் சிமிட்டவில்லை. அடடா, ஆண்டவன் கண் திறந்தான் என்று பேச்சை முடிக்கக் கொண்டுபோயிருந்த வெற்றிலை பாக்கை நீட்டினேன்.

வேலம்மாள் வாங்கவில்லை. "அது பொறவிச் செவுடுங்க. கன்னுக்குட்டி கத்துனாலும் கேக்காது. தெரிஞ்சே ஒங்க தலையில கட்டுனா அந்தப் பாவம் எனக்கெதுக்கு? செவலை ஓடுனதப் பாத்தீகளே, எங்கன ஓடுச்சுன்னு பாத்தீகளா?"

திரும்பினேன். வீட்டை ஒட்டிய தொழுவத்தில் ஓர் இளங்கன்றுக்கு முன்னால் அது நின்றது. கால்கள் நடுங்கின. ஆனாலும் எங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. இதுவே போதும், என்ன விலை என்று கேட்டேன்.

"நாய விக்கிற வழக்கம் எங்களுக்கில்ல. வெத்தலை பாக்கு போதும். மொத ஈத்துல ஒரு பெட்டக்குட்டி மட்டும் கொண்டாந்து குடுங்க."

திரும்பும் பஸ்ஸில் நாயைப் பார்த்துக் கண்டக்டர் முறைத்தார். காலடியில் சுருட்டி வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி ஏறினேன்.

நாலரைக்கு வீடு. "இந்த எலும்புக்கூட்டுக்கா ஒரு நாள் பயணம்?" என்றாள் மனைவி. நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துக் கம்பெனியில் வெடித்தது. செவலை கயிற்றை உருவிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் பாய்ந்து மறைந்தது. இருவரும் ஓடினோம்.

தொழுவத்தில், அதுவரை பார்த்தேயிராத எங்கள் கன்றுகளுக்கு முன்னால், அது நடுங்கிக்கொண்டே நின்றது.

மனைவி மெல்லச் சொன்னாள்: "நம்பிக்கையில்லாம தரகருக்குச் சொல்லிவிட்டுட்டேன்; அஞ்சு மணிக்கு வர்றேன்னிருக்காரு. வாசல்லயே நிப்பாட்டித் திருப்பி அனுப்பிருங்க. நான் இதுக்குக் கஞ்சி எடுத்தாறேன்."