வலிக்கு என்று சொன்னாள்

விழிஞ்ஞத்தில் ஒரு கிட்டங்கியில் நான் ஸ்டோர்கீப்பர். நாள் முழுக்க மெக்கானிக்குகளுக்கு போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. எடுத்துக் கொடுப்பவனுக்குத் திருகவும் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியின் விரலை உடைத்தேன்.

எங்களுடையது பழைய சின்ன கார். கடலுக்கு அருகே வாடகை வீடு. அந்தக் காற்றில் கேட்டின் கீல்கூட இரண்டு வருஷம் தாங்காது, கார் எம்மாத்திரம்? பத்து கிலோமீட்டர் ஓடினால் எஞ்சின் கொதித்தது. பானெட்டைத் திறந்து பார்த்ததில், தண்ணீர் போகிற வழியில் இருந்த ஓர் அலுமினிய மூடியின் அடியில் ஒழுக்கு. மூடியைப் பிடித்திருந்தவை இரண்டே போல்ட்டுகள். கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, திரும்ப மாட்டினால் முடிந்தது.

"மெக்கானிக்கக் கூப்பிட்டா என்னங்க?" என்றாள்.

"ரெண்டு போல்ட்டுக்கா?"

அந்த வாரக் கடைசியில் திருநெல்வேலியில் அவள் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலைக்கான ரவிக்கையில் ஆரி வேலை செய்துகொண்டிருந்தவள் இவள்தான். அதுதான் இவளுடைய தொழிலும். ஒரு கை முடிந்துவிட்டது, இன்னொரு கை பாதியில் சட்டத்தில் கட்டியிருந்தது. தங்கையின் ரவிக்கையில் வேறு யாரும் ஊசி வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக வாங்கி வந்த வேலை.

இங்கே எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து சாலை என்ற கடைத்தெருவில் வேலை பார்த்தவர். நான் இங்கேயே பிறந்து மலையாளம் படித்தவன். தமிழ்தான் பேசுகிறேன், ஆனால் வினைச்சொல்லில் பாதி மலையாளம். 'இழு' என்பது என் வாயில் வராது, 'வலி' என்றுதான் வரும். அவளோ அசல் திருநெல்வேலி. அவர்கள் ஊரில் 'வலிக்கிறது' என்பதை 'வலிக்கு' என்பார்கள். மலையாளத்தில் 'வலிக்கு' என்றால் 'இழு'. ஓசையில் இம்மியும் வித்தியாசம் இல்லை.

கல்யாணமான புதிதில் கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையின் கண்ணாடிக் கதவில் எழுதியிருந்ததை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். வ, லி, க்கு, க. படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கதவுக்கு எங்க வலிக்கு?" என்று கேட்டாள். கடைக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். எட்டு வருஷமாக அது எங்கள் வீட்டு வேடிக்கை. அலமாரிக் கதவை நான் வேகமாக இழுத்தால், "பாத்து, அதுக்கு வலிக்கும்" என்பாள்.

முதல் போல்ட்டு சொன்ன பேச்சைக் கேட்டு வந்துவிட்டது. இரண்டாவது அசையவில்லை. துருப்பிடித்து, தலையின் முனைகள் மழுங்கி, ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஸ்பேனரின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் சொருகி நீளமாக்கினேன். ஆனால் தலைப்பக்கத்தை ஒருவர் அமுக்கிப் பிடிக்காமல் முடியாது. தையல் சட்டத்தின் முன்னால் இருந்தவளைக் கூப்பிட்டேன்.

"நீ இத அமுக்கிப் பிடி. சரியா உட்கார்ந்ததும் சொல்லு. நான் வலிக்கேன்."

அவள் குனிந்து பிடித்தாள். நான் அந்தப் பக்கம், குழாயின் நுனியில். பானெட்டின் நிழலில் அவள் கை எனக்குத் தெரியவில்லை. மெல்லக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். ஸ்பேனரின் கைப்பிடி நகர்ந்து, அவள் விரல்களை பேட்டரி ஸ்டாண்டோடு சேர்த்து நசுக்கத் தொடங்கியிருக்கிறது. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"வலிக்கு" என்றாள்.

இழுத்தேன்.

"வலிக்கு! வலிக்கு!"

பம்பரில் காலை ஊன்றி உடம்பு மொத்தத்தையும் கொடுத்து இழுத்தேன். டப்பென்று ஒரு சத்தம். கையில் இருந்த பாரம் சட்டென்று இல்லாமல் போக, மல்லாந்து விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்தே, "வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

வரவில்லை. உடைந்த தலை மட்டும் ஸ்பேனருக்குள் இருந்தது. அவள் வலது கையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எங்ஙனெ பற்றி?" என்று கேட்டார். எப்படி ஆயிற்று என்று. "கை வழுதிப் போயி" என்றேன் நான். அதாவது, அவள் கைதான் வழுக்கிவிட்டது. எட்டு வருஷத்தில் மலையாளம் அவளுக்கு நன்றாகவே புரியும். என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு எக்ஸ்ரேயைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் இரண்டு இடத்தில் முறிவு. கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது, "வலிக்குன்னு சொன்னேம்லா?" என்றாள்.

"வலிக்கச் சொல்றேன்னு நெனச்சேன்."

வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்பாள். வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இன்றுவரை என்னை உறுத்துவது அந்தச் சொல் அல்ல. சொல் அப்படி, நான் என்ன செய்வேன் என்று யாரிடமும் வாதாடலாம். ஆனால் உலகத்தில் யாரும் 'இழு' என்பதை அந்தக் குரலில் சொல்ல மாட்டார்கள். அந்தக் குரல் என் காதில் விழத்தான் செய்தது. எனக்கு போல்ட்டு வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இதை நினைக்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் மெக்கானிக் வந்தார். உடைந்த போல்ட்டின் கழுத்து ஓர் அரிசி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்தார். சூடு ஆறும்வரை சும்மா இருந்தார். எண்ணெய் விட்டார், லேசாகத் தட்டினார், கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே என்று திருப்பினார். கடைசியில் இரண்டு விரலால் சுற்றி எடுத்துவிட்டார். துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஆரா இது வலிச்சது?" என்றார்.

யார் இழுத்தது என்றுதான் கேட்டார். வாசல்படியில் அவள் கட்டுப்போட்ட கையோடு நின்றிருந்தாள். அவளுடைய தமிழில் அந்தக் கேள்வி வேறு.

"ஞான்தான்" என்றேன். டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டியதை மெக்கானிக்கிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்துக்குக் காரிலேயே போனோம். வழியில் எங்கும் கொதிக்கவில்லை, என் வாழ்க்கையில் கார் இவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை. ரவிக்கையில் பாக்கியிருந்த இடது கையை அங்கே ஒரு பெண்ணிடம் கொடுத்து முடித்திருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அழகு என்றார்கள். என் மனைவி மட்டும் மணமேடையில் தங்கையின் இடது பக்கம் போய் நிற்கவே இல்லை.

கட்டுப் பிரித்து மாதங்கள் ஆகின்றன. விரல் முழுவதும் மடங்கவில்லை. சட்டத்தின் முன்னால் உட்காருகிறாள், பத்து நிமிஷத்தில் ஊசியை வைத்துவிட்டு விரலை நீவிக்கொள்கிறாள். "வலிக்கா?" என்று அவள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டேன்.

"வேதனை உண்டு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் 'வலிக்கு' என்று சொல்வதில்லை. தலைக்கும் இல்லை, வயிற்றுக்கும் இல்லை. அதற்குப் பதில் மலையாளத்தில் சொல்கிறாள், கோபமாக அல்ல, எனக்குத் தப்பாமல் புரியட்டும் என்று. மலையாளத்தில் 'வேதனை' சாதாரண வலிதான், சுளுக்குக்கும் சொல்வார்கள், சிராய்ப்புக்கும் சொல்வார்கள். அவள் ஊரில் அந்தச் சொல்லை விரலுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.