என் வீட்டுக்காரரின் ஹாரன்

என் வீட்டுக்காரர் எண்ணூருக்கும் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். அந்த ரோட்டில் லாரி வரிசை மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நான் போன் போட்டுத் திட்டுவேன். சாப்பிடாமல் கிளம்பியது, பிரஷர் மாத்திரையை மறந்தது, எல்லாம் வரும். ஒரு வார்த்தை பதில் பேச மாட்டார். பொறுமை போனதும் ஹாரனை அழுத்திவிடுவார். காது கிழியும். நான் போனை வைத்துவிடுவேன்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் போயிற்று. கண் மட்டும் திறந்திருக்கும். நாம் சொல்வது புரிகிறதா என்று டாக்டர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறாரா, இல்லையா?

மூளை அலையைப் படிக்கும் கருவியை ஒரு கல்லூரியில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரைச் சேர்த்தேன். தலைக்கு ஒயர் வைத்த தொப்பி. வலது கையால் எதையோ அழுத்துவதாக மனசுக்குள் நினைத்தால் போதும், மேசைமேல் இருக்கும் பஸ்ஸர் அடிக்குமாம். முதல் நாள், நல்ல காரியமாயிற்றே என்று அவருக்குத் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக் கூட்டிப்போனேன். எண்ணெய் இருந்தால் சிக்னல் வராது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி நாலு தடவை போயும் பஸ்ஸர் வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது தடவை, கருவியைக் கவனிக்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அம்மா, இன்னைக்கும் வரலைன்னா இதோட நிறுத்திக்கலாம்."

அவர் பக்கம் திரும்பினேன்.

"இன்னாய்யா, கல்லு மாதிரி குந்திகினு கீற? திருவொத்தியூர்லேர்ந்து உன்ன ஆட்டோல ஏத்தி எறக்கி என் இடுப்பே பூட்ச்சு. நீ ஃபேனைப் பாத்துகினு கீறியா? ஒருவாட்டியாவது நான் சொன்னது உன் காதுல ஏறிச்சா..."

பஸ்ஸர் அடித்தது.

நான் வாயை மூடினேன். அதுவும் நின்றது.

"இன்னொரு தடவை பேசுங்கம்மா!" என்று அந்தப் பெண் எழுந்தே விட்டாள்.

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் ஆரம்பித்தேன். "போன் பண்ணா ஹாரன் அடிப்பியே, அந்தத் திமிரு இன்னும் அடங்கலியா உனுக்கு?"

முடிக்க விடவில்லை. நீளமாக அடித்தது.

அந்தச் சத்தத்துக்கு நான் பேச்சை நிறுத்தாதது அன்றைக்குத்தான். தொப்பியைக் கழற்றும்வரை அழுதுகொண்டே திட்டினேன். அவரும் விடாமல் அடித்தார்.