நான்காவது கொடியின் காய்கள்

சந்தைக்கு வருகிறவர்கள் அவரைச் சுரைக்காய் அக்கா என்றே அறிவார்கள். வெண்டை, கத்தரி, தக்காளி எனப் பல காய்கள் அவருடைய மேசையில் இருந்தாலும், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் தீர்ந்துபோவது சுரைக்காய்தான். கோடை மாதங்களில் மட்டும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடும் சந்தை அது. விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது அதன் ஒரே விதி. ஆகவே, ஒரு காயில் குறை இருந்தால் பழியைத் தள்ளிவிட அங்கே இன்னொருவர் கிடையாது.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. மருந்து ஆலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்தவர். நூறு அட்டைக்கு ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது அங்கே முறை. ஆலை மூடப்பட்ட பின் வீட்டுக்குப் பின்னாலிருந்த நிலத்தைக் கொத்தி விதை போட்டபோது, அந்த முறையும் அவருடன் தோட்டத்துக்கு வந்துவிட்டது. சந்தை நாளின் விடியலில் ஒவ்வொரு சுரைக்கொடியிலிருந்தும் ஒரு காயை எடுத்து, காம்புப் பக்கம் மெல்லிய துண்டு நறுக்கி, பச்சையாக மென்று துப்புவார். கசக்கும் சுரைக்காய் ருசியில்லாத காய் மட்டும் அன்று, நஞ்சு. வேகவைத்தாலும் அது போகாது.

"வேலைக்கு ஆள் எடுக்கிறவங்ககூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க," என்று பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவருடைய கணவர் கேலி செய்வார்.

"நீங்க போல்ட்டை முடுக்காம பஸ்ஸை வெளிய அனுப்புவீங்களா?" என்று அக்கா கேட்பார். பேச்சு அத்துடன் முடியும்.

விதை எடுப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பக்கத்து வீட்டு வேலியில் அழகுக்காக வளர்த்த குடுவைச் சுரை படர்ந்திருந்தது; பார்க்க மட்டுமே உகந்த, கடுங்கசப்பான காய். அதன் மகரந்தம் தன் கொடியில் சேர்ந்துவிடாதபடி, விதைக்கென ஒதுக்கும் பூவை மலருமுன்பே நூலால் கட்டி, தன் கையாலேயே மகரந்தம் தடவி, மறுபடியும் கட்டிவிடுவார். சென்ற ஆண்டு நூல் கட்டிய காய் மழையில் அழுகிவிட்டது. சுவரோரம், கட்டாத ஒரு காய் வளமாக முற்றிக் கிடந்தது. அவ்வளவு அழகான காயை விட மனம் வரவில்லை. இவ்வாண்டு மூன்று கொடிகள் பழைய விதையில் முளைத்தவை; நான்காவது கொடி அந்தக் காயின் பிள்ளை.

அது முதன்முதலாக, கழுத்து தடித்த மூன்று காய்களைத் தந்த வாரத்தில் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. சனிக்கிழமை விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு, வலியை மரத்துப்போகச் செய்யும் ஜெல்லை ஈறில் தாராளமாகத் தடவினார். பிறகு தோட்டத்துக்குப் போய், வழக்கம்போல் நான்கு கொடிகளின் காய்களையும் நறுக்கி மென்றார். எதுவும் கசக்கவில்லை. நறுக்கிய காய்களைச் சமையலறையில் வைத்துவிட்டு, மற்றவற்றைக் கூடையில் அடுக்கினார்.

பன்னிரண்டு மணிக்குச் சந்தை முடிந்து வீடு திரும்பினார். கணவர் சமையலறையில் காய் அரிந்துகொண்டிருந்தார். ஒரு துண்டை வாயில் போட்டவர் மறுகணமே தொட்டிக்கு ஓடினார்.

"தூ! என்னம்மா இது, நாக்கே இழுத்துக்குது!"

"எந்தக் காய்?"

"இதோ, கழுத்து தடிச்சது. காலையில நீ மென்னு பாக்கலையா?"

அக்கா அந்தத் துண்டை நாக்கின் நுனியில் வைத்தார். கசப்பு ஊசியாக இறங்கியது. அப்போதுதான் ஜெல் நினைவுக்கு வந்தது. காலையில் கசக்காதது காய் அல்ல, உணராதது நாக்கு. உப்பை அள்ளிப் போட்டிருந்தாலும் அந்த வாய் சரி என்றே சொல்லியிருக்கும். நான்காவது கொடியின் மற்ற இரண்டு காய்களும் விற்றுப்போயிருந்தன.

ஒன்றை வாங்கியவர் தையற்கடைக்காரி. அக்கா அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு வாய் வச்சேன், சட்டியோட கொட்டிட்டேன். எங்க வீட்டுக்காரர் வழக்கம்போலத்தான் இருக்கும்னு சாப்பிட உக்காந்தார், தட்டைப் பிடுங்கிட்டேன்."

"அவர் வாயில வச்சாரா?"

"இல்லக்கா. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார். மற்றதை வாங்கியவர் ஓய்வுபெற்ற ஓட்டுநர். மனைவி இறந்தபின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள கட்டடத்தில், மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர். இரத்த அழுத்தத்துக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமைதோறும் ஒரு சுரைக்காய் வாங்கி, அதைப் பச்சையாக அரைத்துச் சாறு குடிப்பவர். 'கசந்தா குடிக்காதீங்க அண்ணா,' என்று அக்கா முன்பொரு முறை சொன்னபோது, 'கீழ கொட்டுற பழக்கம் எனக்கில்ல தங்கச்சி. மாத்திரை கசக்கலையா?' என்று அவர் கேட்டிருந்தார். அன்று அக்காவும் சேர்ந்து சிரித்திருந்தார்.

அவருடைய எண் அக்காவிடம் இல்லை. மீதிக் காயைப் பையில் போட்டுக்கொண்டு, கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார்.

"குடிச்சிருக்க மாட்டார், பயப்படாத," என்றார் கணவர்.

"மணி பன்னிரண்டரை. சாப்பாட்டுக்கு முன்னாடிதான் குடிப்பார். வேகமாப் போங்க."

சிவப்பு விளக்கு ஒன்றில் வண்டி நின்றது. அது பச்சையாகும்வரை அக்கா கணவரின் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தார். மூன்று மாடிகளையும் எப்படி ஏறினாரென்று பின்னர் அவருக்கே நினைவில்லை. மணியை அழுத்தினார். உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. காலடிச் சத்தம் இல்லை. மறுபடியும் அழுத்தினார். கதவைக் கையால் அடித்தார்.

தாழ் மெல்ல விலகியது. ஓட்டுநரின் நெற்றி முழுக்க வியர்வை, உதடுகள் வெளுத்திருந்தன.

"என்ன தங்கச்சி, வீட்டுக்கே கொண்டுவந்து தர ஆரம்பிச்சுட்டியா?"

"சாறு குடிச்சீங்களா அண்ணா?"

"கொஞ்சம் கசப்புதான். வயித்தைப் புரட்டுது, வேற ஒண்ணுமில்ல..." என்றவர் சொல்லி முடிக்காமல் கழிவறைக்குத் திரும்பினார். அவர் எடுத்த வாந்தியில் சிவப்புக் கோடுகள் இருந்தன. மேசைமேல் இருந்த தம்ளரை அக்கா பார்த்தார். கால் பங்கு மீதம் இருந்தது.

மருத்துவமனையில் இளம் மருத்துவர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். ஏதோ சந்தையில் வாங்கிய காய் என்று சொல்லிவிடலாம். கணவரின் கண்களும் அதையே கெஞ்சின. உண்மையைச் சொன்னால் சந்தையில் இடம் போகும். காவல் நிலையம் வரைகூடப் போகலாம். அக்கா மருத்துவரை நேராகப் பார்த்தார்.

"சுரைக்காய்ச் சாறு, டாக்டர். கசப்புக் காய். நான் விளைவிச்சது, நான்தான் வித்தேன். முக்கால் தம்ளர் குடிச்சிருக்கார், ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது." பையிலிருந்த காயை எடுத்து மேசையில் வைத்தார்.

மருத்துவர் காயை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நல்ல வேளை சொன்னீங்க. இதுக்கு மாத்து மருந்து கிடையாது. ஆனா எதைக் கவனிக்கணும்னு இப்பத் தெரியுது," என்று சொல்லிக்கொண்டே செவிலியரைக் கூப்பிட்டார். இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது. திரைக்கு அப்பால் சக்கரங்கள் உருண்டன. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, திரைக்குக் கீழே தெரிந்த ஓட்டுநரின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை அசையும்போது மூச்சு விட்டார். அசையாதபோது எண்ணத் தொடங்கினார். நாற்பதுவரை எண்ண வேண்டியிருந்தது ஒருமுறை.

நான்கு மணிக்கு அழுத்தம் நிலைக்கு வந்தது. மூன்றாம் நாள் ஓட்டுநரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றே அக்கா நான்காவது கொடியை வேரோடு பிடுங்கினார். அதன் விதைப் பொட்டலத்தை எரித்தார். சந்தைப் பொறுப்பாளரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பொறுப்பாளர், இரண்டு வாரம் மேசை போடக் கூடாது என்றார். அதன்பின் சுரைக்காயை வாங்குகிறவர் கண் முன்பாகவே நறுக்கிச் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

மூன்றாவது சனிக்கிழமை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓட்டுநர் வந்தார். சட்டை தொளதொளத்தது.

"ஒண்ணு குடு தங்கச்சி."

"வேணாம் அண்ணா. வெண்டைக்காய் எடுத்துக்கங்க."

"முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஒரு தடவை இடிச்சேன்னு வண்டியை விட்டுட்டேனா? சாறு வேணாம், வேகவச்சே சாப்பிடறேன். நறுக்கு."

அக்கா நறுக்கினார். மென்றார். நாக்கு கசப்பில்லை என்றது. அவர் அதை நம்பவில்லை. பல் பிடுங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது, ஜெல்லும் குப்பைக்குப் போயிருந்தது, ஆனாலும் நம்பவில்லை. இன்னொரு துண்டை, அன்று துணைக்கு வந்திருந்த கணவரிடம் நீட்டினார். அவர் மென்று, நன்றாக இருக்கிறது என்று தலையசைத்தார்.

"எனக்கும் ஒரு துண்டு," என்று ஓட்டுநர் கையை நீட்டினார்.

தடுப்பதற்குள் அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அக்கா கத்தியைப் பிடித்த கையோடு, மெல்லும் அந்தத் தாடையையும் சுருங்கப்போகிறதோ என்று அந்த முகத்தையும் பார்த்தபடி நின்றார். அடுத்து நின்றவர் தக்காளி என்ன விலை என்று இரண்டு தடவை கேட்டார். அக்காவின் காதில் விழவில்லை.