நாற்பத்தேழாம் இலக்க முத்திரை

டென்மார்க்குக்கு வந்த புதிதில் சூசைதாசனுக்குத் துவாய்க்கு டெனிஷ் மொழியில் என்ன சொல்வது என்று தெரியாது. தலையணைக்கும் தெரியாது. கையால் காட்டித்தான் கேட்பார். ஆனால் தோட்டாவுக்கு என்ன சொல் என்று தெரியும். துப்பாக்கிக் குழாய்க்கும், ஹெலிகொப்ரரின் சுழலிக்கும்கூடத் தெரியும். இக்காஸ்ட் நகர நூலகத்தில் கதவுக்குப் பக்கத்துத் தட்டில் போர் ஆயுதங்களைப் பற்றிய பெரிய படப் புத்தகங்கள் இருந்தன. படத்தைப் பார்த்து, கீழே இருந்த வரியை அகராதியோடு வாசித்து வாசித்துத்தான் அவர் அந்த மொழியைப் படித்தார். நூலகத்தில் இருந்த பெண் முதலில் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாளாம். பிறகு பழகி, புதுப் புத்தகம் வந்தால் எடுத்து வைக்கத் தொடங்கினாளாம்.

ஏன் ஆயுதப் புத்தகம் என்று அவளும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 1986ஆம் ஆண்டிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், காலை ஏழரை மணிக்கு, அவருடைய அக்கா மேரிசெலின் கருவாடு காயவிட்டுக்கொண்டிருந்தாள். கடல் பக்கத்திலிருந்து ஹெலி வந்தது. எல்லாரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள், ஆனால் கருவாட்டுப் பாயையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது.

அக்காவின் அடக்கம் முடிந்த பின் சூசைதாசன் அந்த இடத்துக்குப் போனார். மணலில், ஹெலியிலிருந்து சுட்ட தோட்டாக்களின் வெற்றுக்கோதுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தார். அடியில் வட்டமாக இரண்டு ஆங்கில எழுத்துகளும் 68 என்ற இலக்கமும் குத்தியிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு எந்தச் சோதனைச் சாவடியையும் தாண்ட முடியாது. ஆகவே பிள்ளைகள் காசை வைத்துத் தேய்ப்பதுபோல, செபப் புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தைக் கோதின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்தும் இலக்கமும் அப்படியே விழுந்தன. கோதைக் கடலில் எறிந்தார். அடுத்த வருடம் அந்தப் புத்தகத்தோடு மொஸ்கோ, கிழக்கு பேர்லின் என்று அலைந்து, கப்பலில் டென்மார்க் வந்து சேர்ந்தார்.

இக்காஸ்ட் நூலகத்தில்தான் விளங்கியது. எழுத்துகள் செய்த தொழிற்சாலையின் அடையாளம். 68 செய்த வருடம். அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு என்று செய்த சாமான். அப்போது அவருக்கு நாலு வயது, அக்காவுக்கு ஆறு. எத்தனை நாடு சுற்றி, எத்தனை கை மாறி மன்னாருக்கு வந்ததோ. அந்த ஹெலியும் வியட்நாமில் பறந்த வகையின் தம்பிதான். ஒரு பக்கத்தை வாசித்தால் அதற்கு முந்தின பக்கத்தையும் வாசிக்க வேண்டியிருந்தது. அப்படியே அவர் பின்னாலும் முன்னாலும் போய்க்கொண்டிருந்தார்.

பத்துப் பதினைந்து வருடம் துணித் தொழிற்சாலையில் வெட்டு மேசையில் நின்றார். துணி வேலை போலந்துக்கும் சீனாவுக்கும் போனது. பிறகு, பால் பண்ணை இயந்திரங்களுக்கு உலோகத் துண்டுகள் கடையும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து அளவு பார்ப்பவராக ஆனார். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் அவர் கைக்குத் தெரியும் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் அந்த மேசைதான். இப்போது வயது அறுபத்தொன்று.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஹேர்னிங் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை நடக்கும். பூசை முடிய மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்சும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கத்தில் கிரிக்கெட் முடிந்தால் அடுத்தது சண்டைக் கதை. அங்கே சூசைதாசனுக்கு மிலிட்டரி அண்ணை என்று பெயர். பட்டத்தை வைத்தவன் பஸ் ஓட்டுகிற ஜெனிஸ்ரன்.

"அண்ணை, உக்ரைனுக்குக் குடுத்த றொக்கெற் எவ்வளவு தூரம் போகும்?" என்று அவன் தொடக்கிவிடுவான். "ஆனா இரண்டாம் உலகப் போரிலயிருந்து தொடங்காதேங்கோ. எனக்குப் பின்னேரம் வேலை."

அவர் இரண்டாம் உலகப் போரிலிருந்துதான் தொடங்குவார். எட்டுக் குண்டும் முடிந்ததும் கிணுங் என்று சத்தம் போட்டுத் தகட்டை வெளியே துப்புகிற துவக்கு. கொரியாவில் ஜெற் விமானத்தோடு ஜெற் விமானம் மோதியது. வியட்நாமில் சேற்றுக்குள் இறுகிப்போன புதுத் துவக்கு, அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் செத்த பெடியள், காட்டுக்கு மேலே ஆயிரக்கணக்கில் ஹெலி. பிறகு ஈராக்கில் ஜன்னலைப் பார்த்துப் போகிற குண்டு. அதற்குப் பிறகு ஆப்கானிஸ்தானில், ஓட்டி அமெரிக்காவில் கதிரையில் இருக்க, வானத்தில் தனியே சுற்றுகிற விமானம்.

"அமெரிக்கன் ஒரு சண்டையில விட்ட பிழையை அடுத்த சண்டைக்குத் திருத்துவான்," என்பார். "பழைய சாமானை எறியமாட்டான். எங்களை மாதிரி ஆக்களின்ர நாட்டுக்கு அனுப்புவான்."

அந்த இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவார். மேரிசெலினைப் பற்றி அந்த மண்டபத்தில் அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. வீட்டில் மட்டும் தெரியும்.

போன வருடம் ஒக்ரோபரில், மேற்பார்வையாளர் பெண்ட் எல்லாரையும் சாப்பாட்டு அறையில் கூட்டிச் சொன்னார். பால் இயந்திர வேலை வருடக் கடைசியோடு நிற்கிறது. மூன்றாம் மண்டபத்தில் புது வேலை தொடங்குகிறது, அமெரிக்கப் போர்விமானத்துக்குத் துண்டுகள். அங்கே போக விருப்பமானவர்கள் அடுத்த வெள்ளிக்கு முன் எழுதித் தர வேண்டும். மற்றவர்களுக்கு நன்றி, கேக், விலகல் கடிதம்.

அளவு பார்ப்பவர்களுக்கு அங்கே ஆளுக்கு ஒரு முத்திரை கொடுப்பார்களாம். ஒவ்வொரு துண்டோடும் ஒரு தாள் போகும். அளந்து சரி என்று கண்டவர் தன் இலக்கத்தைக் குத்த வேண்டும். சூசைதாசனுக்கு நாற்பத்தேழு என்று பெண்ட் முன்பே ஒதுக்கி வைத்திருந்தார். அவர் வராமல் விடுவார் என்று பெண்ட் நினைக்கவே இல்லை.

மாதிரித் துண்டு மேசையில் இருந்தது. உள்ளங்கையளவு. எங்கே பூட்டுவது என்று தனக்கே தெரியாது, சொல்லவும் மாட்டார்கள் என்றார் பெண்ட். சூசைதாசன் இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது. விமானத்தின் வயிற்றில் குண்டு இருக்கிற அறையின் கதவுப் பக்கம். படம் மனதில் இருந்தது, பக்கம்கூட நினைவிருந்தது.

வீட்டில் மனைவி அருமைநாயகியிடம் அன்றே சொன்னார். முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடம் ஆட்களைத் தூக்கித் திருப்பி அவளுடைய வலது தோள் போய்விட்டது. இப்போது அரை நேர வேலை, அதுவும் எத்தனை நாளைக்கோ. அடுத்த நாள் கறிக்கு வெங்காயம் வெட்டியபடி சொன்னாள். அறுபத்தொரு வயது ஆளை இந்த ஊரில் ஒருத்தரும் புதிதாக எடுக்கமாட்டார்கள். வீட்டில் இருந்தால் அந்தப் புத்தகங்களோடு இருப்பீர்கள், எனக்கு அதுதான் பயம். நகரசபைக் கொமூனுக்குப் போய் வேலை தேடுகிறேன் என்று கையெழுத்து வைக்கிற மனுசன் இல்லை நீங்கள்.

"நீங்கள் அளக்காட்டி வேற ஆரோ அளப்பினம்," என்றாள். "அக்கா திரும்பி வரப் போறேல்லை."

"ஓம்," என்றார்.

"ஓம் எண்டா? என்ன ஓம்?"

அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார்.

ஞாயிறு மகள் ஸ்ரெபானி விபோர்க்கிலிருந்து வந்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. தாய் எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். சப்பாத்தைக் கழற்றும்போதே டெனிஷில் தொடங்கினாள். சின்ன வயதில் மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் முயல் கதை சொன்னார்கள், எனக்கு ஹெலி வந்த கதை சொன்னீர்கள் என்றாள். வகுப்பில் குடும்பத்தைப் படமாகக் கீறச் சொன்னபோது நான் மேரிசெலின் மாமியைக் கீறினேன், மேலே ஹெலியைக் கீறினேன், ஆசிரியை உங்களைக் கூப்பிட்டு விசாரித்தாள், நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

"அப்ப போகாதையுங்கோ எண்டு சொல்லன்," என்றாள் தாய். "சொல்லு, கேப்பம்."

ஸ்ரெபானி சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். தன்னுடைய பிரிவில் ஓர் உக்ரைன் பெண் இருக்கிறாள் என்றாள், இரவில் கதவு அடித்தால் கட்டிலுக்குக் கீழே போகிறாள். எங்களிடம் விமானம் இருந்திருந்தால் என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். பிறகு தகப்பனைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "எனக்குத் தெரியேல்லை அப்பா."

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் சூசைதாசன் பெண்ட்டிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். முத்திரை குத்திய தாளை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?

விமானம் பறக்கும்வரை வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகும் இருக்கும் என்றார் பெண்ட். நாற்பது வருடம் கழித்து ஒரு துண்டு உடைந்தாலும் யார் அளந்தது என்று எடுத்துவிடலாம். இலக்கத்துக்கு நேரே பெயர் இருக்கும். பிறகு கோப்பியை ஊதிக்கொண்டு, அமெரிக்கா கிறீன்லாந்தைத் தா என்று கேட்ட கதைக்குப் பிறகு தனக்கும் இந்த வேலை முந்திமாதிரி இல்லை, நாங்கள் செய்வது யாருடைய தலைக்கு மேலே பறக்கும் என்று யாருக்குத் தெரியும் என்றார். அதைச் சொன்ன குரலில்தான் மத்தியானம் என்ன சாப்பாடு என்றும் கேட்டார்.

இலக்கத்துக்கு நேரே பெயர். முப்பத்தொன்பது வருடமாகச் சூசைதாசன் அந்த இரண்டு எழுத்தையும் 68ஐயும் பார்த்து ஒரு ஆளைத் தேடியிருக்கிறார். முகமில்லாத ஆள், பெரிய ஆள், மேரிசெலினைத் தெரிந்தே செய்த ஆள் மாதிரி. இப்போதுதான் முதல் தடவையாக, அந்த ஆளுக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருந்திருப்பார் என்று தோன்றியது. வீட்டில் தோள் நோகிற மனுசி இருந்திருக்கலாம். வெள்ளிக்கு முன் சொல் என்று அவரிடமும் யாராவது கேட்டிருக்கலாம். இப்படி நினைத்தது அவருக்கு ஆறுதலாக இல்லை. கோபப்பட ஒருவர் இருந்தார், அவரையும் எடுத்துப்போட்டார்கள் என்பதுபோல் இருந்தது.

வியாழன் அன்று எழுதிக் கொடுத்தார்.

தை மாதம் மூன்றாம் மண்டபம் திறந்தது. வெள்ளை வெளிச்சம், புது இயந்திரங்கள், தூசி இல்லாத தரை. முதல் நாள் முத்திரையைக் குத்திப் பழக வெற்றுத் தாள் கொடுத்தார்கள். வட்டத்துக்குள் 47. முதல் தடவை மை கூடிவிட்டது. இரண்டாவது சரி. அந்தத் துண்டுத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு முதல் துண்டை எடுத்து அளந்தார். சரியாக இருந்தது. இரண்டாவதும் சரி. ஒரு துண்டிலாவது பிழை இருக்கும் என்று அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு துண்டும் சரியாகவே இருந்தன.

சனிக்கிழமை தூசி தட்டும்போது அருமைநாயகி செபப் புத்தகத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தில், பென்சிலால் தேய்த்த பழைய வட்டத்துக்குப் பக்கத்தில், 47 போட்ட நீல மை வட்டம் ஒட்டியிருந்தது.

"இதை ஏன் இதுக்குள்ளை ஒட்டினனீங்கள்?"

"வேற எங்கை ஒட்டுறது?"

அவள் புத்தகத்தை மூடித் திரும்ப வைத்தாள். மேலே துணியை விரித்துவிட்டாள்.

அடுத்த தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் ஆண்கள் வழமைபோல நின்றார்கள். ஜெனிஸ்ரன் ரோலைக் கடித்துக்கொண்டே தொடக்கினான்.

"அண்ணை, உந்தப் புது அமெரிக்கப் பிளேன்ர வயித்துக்குள்ளை எத்தினை குண்டு வைக்கலாம்?"

சூசைதாசனுக்குத் தெரியும். என்ன நிறை, எந்த வகை, கதவு திறக்க எவ்வளவு நேரம் என்றுகூடத் தெரியும்.

"தெரியாது தம்பி," என்றார்.

"மிலிட்டரி அண்ணைக்கே தெரியாதாம்," என்று ஜெனிஸ்ரன் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அருமைநாயகி திரும்பிப் பார்த்தாள். பிறகு இடது கையால் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"ஆறமுன்னம் சாப்பிடுங்கோ," என்றாள்.

அவர் ஒன்றை எடுத்தார். கதை கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.