ஏழு பூச்சி

மாரியாயி டீச்சரைப் பண்டமாரான் ஊரில் பெற்றோர் யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அவர்களைப் பிடிக்காது. பத்தொன்பது வருடமாகக் கார்த்திகேசுவின் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். ஒருநாள்கூட எந்த அம்மாவிடமும் பிள்ளையைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. "என் பிள்ள தங்கம்தானே டீச்சர்?" என்று யாராவது வாயைக் கொடுத்தால், "தங்கமா இருந்தா பேங்குல வைங்க, இங்க ஏன் கொண்டு வர்றீங்க?" என்பாள். அதற்குப் பயந்தே பலர் வாசல் கேட்டில் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடிவிடுவார்கள்.

ஜெஞ்சாரோம் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம், மண் வாசனை என்று யாராவது உருகினால் எரிந்து விழுவாள். அங்கே அவள் கண்டது கொசுவும் காய்ச்சலும்தான். பதினேழு வயதில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். முப்பதைத் தாண்டித்தான் பாலர் கல்விச் சான்றிதழ் படித்தாள். அப்பேர்ப்பட்டவள் பள்ளிக்குப் பின்னால் கிடந்த நாலு முழ மண்தரைக்காக ஊரையே பகைத்துக்கொண்டாள் என்றால், அதற்குக் காரணம் பிள்ளைகளின் கைகள்.

நான்கு வயதில் வந்து சேருகிற பிள்ளைக்கு டேப்லெட்டைத் தடவத் தெரியும். பென்சிலைப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் விரல் தொய்ந்துவிடும். டைல்ஸ் தரையில் வளர்ந்த கால், கொஞ்சம் மேடு பள்ளம் கண்டாலே தடுக்கி விழும். மாரியாயி அவர்களைப் பின்பக்கம் கொண்டுபோய் விட்டாள். கரண்டியால் தோண்ட வைத்தாள், வாளியில் ஈர மண்ணைச் சுமக்க வைத்தாள். ஒரே பலகைக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டால், "நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதத்தில் விரல் இறுகும், எழுத்து நேராகும், சண்டை குறையும். இதை அவள் யாருக்கும் விளக்கியதில்லை. கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற திமிர். அந்தத் திமிர்தான் அவளை மாட்டிவிட்டது.

நான்கரை வயது யாஷினி, வகுப்புக்குள் வாயே திறக்காத பிள்ளை. மூன்று பென்சில் எடு என்றால் கை நிறைய அள்ளுவாள். பின்பக்கம் போனால் மட்டும் இரண்டு வாரமாகப் பேச்சு வர ஆரம்பித்திருந்தது. ஒரு புதன்கிழமை, மழை விட்ட பிறகு, ஒரு கல்லைப் புரட்டினாள். அடியில் சுருண்டு கிடந்த மரவட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் காட்டி, ஏழு வரை பிசகாமல் எண்ணினாள். "டீச்சர், இது குட்டி. இதோட அம்மா எங்க?" என்றும் கேட்டாள். மாரியாயி பக்கத்தில் குந்தி, இன்னொரு தடவை எண்ணச் சொல்லிக் கேட்டாள். ஆனாலும் வீட்டுக்கு அனுப்பும் குறிப்பேட்டில் வழக்கமான கஞ்சத்தனத்தோடுதான் எழுதினாள்: 'யாஷினி, பூச்சி 7. நல்ல முன்னேற்றம்.'

யாஷினியின் அம்மா புனிதா துறைமுகத்தில் ஒரு சரக்கு ஆபீசில் வேலை பார்ப்பவள். படித்ததும் அவளுக்கு வயிற்றுப் பூச்சிதான் நினைவுக்கு வந்தது. அன்று மாலையே பிள்ளையைக் கிளினிக்குக்கு இழுத்துப்போய்ப் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தாள். குறிப்பேட்டைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'ஏழுன்னு எண்ணி வேற எழுதியிருக்காங்க! முன்னேற்றமாம்!' பின்பக்க மண்தான் காரணம் என்று குழுவில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கார்த்திகேசு வெள்ளிக்கிழமை மாலை கூட்டம் போட்டார். பின்பக்க மண்ணை மூடச் சனிக்கிழமை காலை சிமெண்டு லோரி வரும் என்று கூட்டத்துக்கு முன்பே அறிவித்தும்விட்டார்.

"என் பிள்ளைய மண்ணு திங்கவா அனுப்புறேன்? ஏபிசி சொல்லிக் குடுங்க லா!" என்று ஓர் அப்பா ஆரம்பித்துவைத்தார்.

"அது மண்ணுல கெடக்கிற பூச்சி. மரவட்டை," என்றாள் மாரியாயி. "புனிதா, உங்க பொண்ணு அத ஏழு வரைக்கும் எண்ணுனா. வயித்துக்குள்ள எட்டிப் பாத்து எண்ண நான் என்ன ஸ்கேன் மெஷினா?"

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. புனிதாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஒழுங்கா எழுதத் தெரியல, இதுல நக்கல் வேறயா? அங்கிள், லோரி வரட்டும். மண்ணும் வேணாம், மரவட்டையும் வேணாம்."

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். கார்த்திகேசு தலையாட்டினார். இவர்களோடு மல்லுக்கு நின்று என்ன ஆகப்போகிறது என்று மாரியாயி எழுந்தபோதுதான் புனிதா சுற்றுமுற்றும் பார்த்தாள். கூட்டத்துக்குக் கூட்டிவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்த யாஷினி அங்கே இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

இருவரும் ஓடினார்கள். பிள்ளை வாழைக்கன்றின் அடியில் குந்தியிருந்தாள். புனிதா அவளைத் தூக்கப் பாய்ந்தாள்.

"மிதிக்காதம்மா!"

தூக்கிய காலை வைக்காமல் புனிதா அப்படியே நின்றாள்.

"அங்க ஒம்போது தூங்குது. இந்தப் பக்கமா வா. என்கிட்ட உக்காரு."

புனிதா மெல்லத் திரும்பி மாரியாயியைப் பார்த்தாள். "எப்பலேருந்து இப்படிப் பேசுறா?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமாவா? ஸ்பீச் தெரபிக்கு மூனு மாசமா வரிசையில காத்துக்கிட்டு இருக்கேன் டீச்சர்! வீட்டுல 'ம்மா, பால்'னு சொல்லுவா, அதுக்கு மேல ஒன்னும் வராது. பேசுறான்னு எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? அதுலயும் கஞ்சத்தனமா?"

பெற்றவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று மாரியாயி எகத்தாளமாக இருந்துவிட்டாள். இந்தப் பெண் ஒரு வார்த்தைக்காக வீட்டில் எப்படி ஏங்கிக் கிடந்திருப்பாள் என்று அவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்," என்றாள்.

புனிதா அதைக் காதிலேயே வாங்கவில்லை. ஆபீஸ் பாவாடையோடு ஈர மண்ணில் மகள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பின்கதவில் கார்த்திகேசுவும் மற்றவர்களும் வந்து நின்றார்கள்.

"நாளைக்கு லோரிய எட்டு மணிக்கே வரச் சொல்லிடவா?" என்று கேட்டார் அவர்.

"லோரி வேணாம் அங்கிள்."

"இப்பதானேம்மா வரட்டும்னு கத்துன?"

"என் பிள்ள என்கிட்ட பேசுன ஒரே எடம் இதுதான். இத மூடிட்டா நான் எங்க போயி உக்காருவேன்?" என்று புனிதா சீறினாள்.